வியாழக்கிழமை விடாத பலூன்

ஊருக்கு அவர் பலூன்காரர். வானிலை நிலையத்தின் மொட்டைமாடியிலிருந்து தினமும் மாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு வெள்ளைப் பலூனை மேலே விடுவார். அது போகும் போக்கைத் தொலைநோக்கியில் பிடித்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை கோணத்தைப் பதிவேட்டில் எழுதுவார். மேலே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்கள். முப்பத்தொரு வருஷ உத்தியோகம். தன் கல்யாணத்தன்றுகூட மாலையில் வந்து பலூனை விட்டுவிட்டுத்தான் போனார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

இந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு வேலை, பறக்கும் தட்டு. வானத்தில் எதையாவது பார்த்துவிட்டவர்கள் நேராக நிலையத்துக்குத்தான் வருவார்கள். தரை இருட்டத் தொடங்கிய பிறகும் உயரத்தில் பலூன் மேல் வெயில் விழும், மினுங்கும். பாதிப் பேர் பார்த்தது அதைத்தான். மீதிப் பேருக்கு விமானம், இல்லாவிட்டால் வெள்ளி கிரகம். படிவத்தின் கடைசியில் ‘முடிவு’ என்று போட்டு அந்த மூன்றுக்கும் மூன்று கட்டங்கள் இருந்தன. நாலாவது கட்டம் தேவைப்பட்டதே இல்லை.

அவர் சேர்ந்த புதிதில் வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சண்டை வரும் என்ற பேச்சு அடிபட்ட காலம் அது. பார்த்ததெல்லாம் எதிரியின் வேவு விமானம். ஒருத்தர் சுருட்டு மாதிரி என்றார், ஒருத்தர் பம்பரம் என்றார். பிறகு ஏதோ ஒரு பத்திரிகை மூடி போட்ட தட்டு ஒன்றைப் படமாகப் போட்டது. அடுத்த வாரத்திலிருந்து சுருட்டும் பம்பரமும் வானத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. எல்லாம் தட்டுதான். உள்ளே இருந்த எதிரிகளும் மெல்ல மெல்ல விருந்தாளிகளாகிவிட்டார்கள். “நம்மளக் காப்பாத்தத்தான் வர்றாங்க சார்” என்று ஓர் அம்மாள் அவர் மேஜையில் தலைவைத்து அழுதிருக்கிறார். தலைமை அலுவலகம் குழப்பம் தீரட்டும் என்று ஆறு வடிவங்களைப் படிவத்திலேயே அச்சடித்து அனுப்பியது. அதற்குப் பின் இந்த ஊரில் யாரும் ஏழாவது வடிவத்தைப் பார்க்கவில்லை.

இப்போது வருகிறவர்கள் கைபேசியை நீட்டுகிறார்கள். அவர்களுக்கு வானத்தைவிட அவர் மேல்தான் சந்தேகம். “எல்லாம் உங்களுக்குத் தெரியும் சார். மறைக்கிறீங்க.” அவர் சிரித்துக்கொண்டே பலூன் கட்டத்தில் குறி போடுவார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடித்துக் காட்டுவார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது அந்த வியாழக்கிழமை வந்தது. முந்தின நாள் வாயு சிலிண்டரை அவர் சரியாக மூடியிருக்கவில்லை. திறந்தால் உஸ் என்ற சத்தம்கூட இல்லை, மொத்தமும் கசிந்து போயிருந்தது. அடுத்த சிலிண்டர் மறுநாள்தான் வரும். ‘வாயு இல்லை, பலூன் விடவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்தது. பேனா ஓடவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட விடுபடாத பதிவேடு. முந்தின நாள் எண்களில் அங்கே ஒன்றைக் கூட்டி, இங்கே ஒன்றைக் குறைத்து எழுதி மூடிவிட்டு, தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு நடந்தார்.

“ஏங்க, இன்னைக்கு உங்க பலூன் என்ன அழகு!” மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “துணி எடுக்க மாடிக்குப் போனேன். அசையாம அப்படியே நின்னுச்சு. தெருவே வாயைப் பொளந்து பார்த்துச்சு.”

“எத்தனை மணிக்கு?”

“ஆறு இருக்கும். ஏன், நீங்க விட்டது உங்களுக்குத் தெரியாதா?”



மறுநாள் தெரு இரண்டுபட்டது. சரியாகச் சொன்னால், தெரு ஒரு பக்கம், அவர் மனைவி ஒரு பக்கம். எதிர்சாரி மருந்துக்கடைக்காரர் கைபேசியில் படமே பிடித்து வைத்திருந்தார்.

“அக்கா, பலூன் எங்கயாவது அசையாம நிக்குமா? தட்டுதான் இது.”

“தம்பி, நீ மாத்திரையைக் கவனி. வானத்தை எங்க வீட்டுக்காரர் பார்த்துப்பாரு. அவர் பலூன் எனக்குத் தெரியாதா?”

“புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டீங்க, சரி. அவரையே கேளுங்களேன்.”

“சொல்லுங்களேன் இவனுக்கு!” என்று வேலைக்குக் கிளம்பி வந்தவர் பக்கம் அவள் திரும்பினாள்.

“பதிவேட்டுல இருக்கு” என்று முனகிவிட்டு அவர் நடையைக் கட்டினார். இத்தனை நாளாக மறைக்கிறாய் என்று சொன்னார்கள். இப்போதுதான் நிஜமாகவே மறைக்கிறோம் என்பது பாதி வழியில் உறைத்தது.

சனிக்கிழமை பலூன் பெட்டியைத் திறந்து எண்ணினார். விடாத பலூன் ஒன்று மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை. எண்ணிக்கை பதிவேட்டோடு அப்படியே பொருந்தியது. ஓட்டையான பலூன் எதையாவது எழுதாமல் தூக்கிப் போட்டிருப்போமோ? இல்லை, நிஜமாகவே விட்டோமா? காலி சிலிண்டரைத் தட்டினார். டங் என்றது. பொய்யாக எழுதிய பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில், அன்று பலூன் கையிலிருந்து நழுவியதுகூட ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது.

திங்கட்கிழமை நிலையத் தலைவி பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நீட்டினார். ‘காணப்பட்டது இந்நிலையத்தின் பலூனே.’ கீழே அவர் கையெழுத்துக்கு இடம்.

“நாளைக்குப் போடுறேன் மேடம்.”

வீட்டில் மனைவி ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். “கடிதம் வந்ததும் ஒரு நகல் கொண்டாங்க. அந்த மருந்துக்கடைக்காரன் மூஞ்சியில ஒட்டுறேன்.”

“இந்தா பாரு. அன்னைக்கு நான் பலூனே விடல.”

மெஷின் நின்றது. “விளையாடாதீங்க.”

“வாயு இல்ல. விட்டதா எழுதிட்டேன்.”

“நாலு நாளா உங்களுக்காகத் தெருவுல சண்டை போட்டேனே!” ஊசியிலிருந்து நூலை உருவினாள். “அப்ப நான் பார்த்தது என்ன?”

“தெரியல.”

“வந்தவன் போனவனுக்கெல்லாம் பதில் சொன்னீங்க. எனக்கு மட்டும் தெரியலயா?”

செவ்வாய்க்கிழமை பதிவேட்டில் வியாழனைச் சிவப்பு மையால் அடித்து, ‘பலூன் விடப்படவில்லை’ என்று எழுதித் தலைவியிடம் வைத்தார்.

“நாலு மாசம்தானே சார் இருக்கு? இதை யாரு கேட்டா இப்ப?”

“வீட்டுல கேட்டாங்க மேடம்.”

“சரி, பத்திரிகைக்கு என்னன்னு எழுதுறது?”

“தெரியலன்னு எழுதுங்க.”

“அதுக்குக் கட்டம் இல்லையே!”

அவர் ஸ்கேலை எடுத்து, படிவத்தில் மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்று வரைந்தார். கோடு கொஞ்சம் கோணலாகப் போனது.

விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. பத்திரிகையில் ‘தெரியவில்லை’ என்றே வந்தது. மருந்துக்கடைக்காரருக்கோ பரம திருப்தி. “பார்த்தீங்களா அக்கா, பலூன் பலூன்னு சொன்னவங்க இப்ப தெரியலங்கறாங்க. மறைக்கிறாங்க!” முதல் தடவையாக அவளிடம் எதிர்ப்பேச்சு இல்லை. வீட்டிலும் ரெண்டு நாள் பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் மாலை, பலூனை விட்டுத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபோது கைபேசி அடித்தது.

“மாடியில நிக்கிறேன். விட்டீங்களா?”

“விட்டேன்.”

“நிஜமா?”

“நிஜமா. நிலையத்துக்கு மேல, கொஞ்சம் இடது பக்கமாப் பாரு.”

மறுமுனையில் துணி படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“தெரியுது” என்றாள் கடைசியில். “ஆனா இது அது மாதிரி இல்லீங்க.”

நிமிஷம் ஆகிவிட்டது. அவர் கோணத்தை எழுதவில்லை. பலூனிலிருந்து கண்ணை எடுத்து, அதைச் சுற்றியிருந்த வெறும் வானத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

“போனை வெச்சிடாதே. நாளைக்கும் பாரு” என்றார்.