பட்டனுக்குப் பத்தாத பெல்ட்

எங்கள் மாமா ஒரு பொய்யர். அத்தையின் கணவர். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, ஆவடியில் சொந்த வீடு, முழங்கால் வலி. அதற்காக இந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். மடியில் பேத்தி வாங்கிய நாய்க்குட்டி. கீழே, வாயில்லா ஜீவனிடம் அன்பு காட்டத் தெரியாதவன் மனிதனே இல்லை என்று நாலு வரி. ஐம்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். நான் கை கூப்பவில்லை. இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு ஆவடியில் மிலிட்டரி தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. எங்களுக்கு மண்ணூர்பேட்டையில் ஒரே அறை, ஆறு குடித்தனத்துக்கு ஒரு குழாய். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் தினக்கூலி. மாமாவும் நைனாவும் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரே தெருவில் பிறந்தவர்கள், ஒரே ஆளுடைய கழனியில் நாற்றுப் பறித்தவர்கள். குவார்ட்டர்ஸில் மாமா அதைச் சொல்வதில்லை. அவரிடம் இரண்டு தமிழ் இருந்தது. எங்கள் வீட்டில் ‘கீது’ என்பார். குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டினால் ‘இருக்குது சார்’ என்பார்.

அப்போது குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு பொமரேனியன் வளர்த்தார்கள். மாமாவும் ஒன்று வாங்கிவந்தார். வெள்ளையாக, உள்ளங்கையில் அடங்குகிற குட்டி. முழங்காலைத் தாண்டி வளராது என்று விற்றவன் சொன்னானாம். சின்னதாக இருந்ததால் பட்டன் என்று பெயர். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “ஜாதி நாய் சார்” என்பார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் வாயில் வெல்லம் இருக்கிற மாதிரி இருக்கும். நகராட்சியில் தன் பெயரில் லைசென்ஸ் எடுத்தார். சிவப்பு பெல்ட் வாங்கி, அங்கே கொடுத்த பித்தளை வில்லையை அதில் மாட்டினார். பட்டனுக்கு சல்யூட் அடிக்கப் பழக்கினார். உட்கார்ந்து வலது முன்னங்காலைத் தூக்க வேண்டும், அதுதான் சல்யூட்.

பட்டன் வளர்ந்தான். முதுகில் பழுப்பாக ஒரு திட்டு வந்து பரவியது. காது மடிந்து தொங்கியது. பொங்கலுக்கு நாங்கள் போயிருந்தபோது மாமாவின் இடுப்பு வரை எழும்பி நின்றான். விலா எலும்பை எண்ணலாம். அத்தை ஒரு நாளைக்கு அரை டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும்தான் கொடுத்தாள்.

“சோறு போட்டா இன்னும் வளந்துடும், அதான்” என்றாள்.

கஞ்சி வடித்த இடத்தில் அவன் வெறும் தரையை நக்கிக்கொண்டிருந்தான். குவார்ட்டர்ஸ்காரர்கள், “நாய் வாங்கினீங்களா சார், கன்னுக்குட்டி வாங்கினீங்களா?” என்று கேட்கிறார்களாம். மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அத்தை வருத்தப்பட்டாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். பட்டனின் கழுத்தில் கயிறு. பெல்ட்டைக் கையில் வைத்திருந்தார்.

“இந்தா மச்சான், நீயே வெச்சிக்க. ஜாதி நாயின்னு சொல்லி தெரு நாயை என் தலையில கட்டிட்டான் அந்தாளு.”

அம்மா, “நாங்களே அஞ்சு பேரு கீறோம். இதுக்கு இன்னாத்த போடறது?” என்றாள்.

“இன்னாத்தையாவது போடு. தெரு நாய்தானே, துன்னும்.”

பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “பெங்களூர்ல ஒரு ஆபீசர் ஆசைப்பட்டுக் கேட்டாரு, குடுத்துட்டேன்னு குவார்ட்டர்ஸ்ல சொல்லிக்கிறேன். இதுதான் அந்த நாயின்னு நீ யார்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது, இன்னா?”

பெரியவர் ஒருவர் என்னிடம் ரகசியம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பெருமையாகத் தலையாட்டினேன்.

ஆட்டோவில் ஏறும்போது நைனாவிடம், “கேன்டீன்ல ஒரு எடம் காலியாவுது மச்சான். ஒரு வார்த்த சொல்றேன்” என்றார். மூன்று வருஷமாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நைனாவின் முகம் புதிதாகக் கேட்பது போல மலரும்.

என்னத்தைப் போடுவது என்று கேட்ட அம்மாதான் முதலில் சோறு வைத்தாள். கறிக்கடையில் எலும்பு கேட்டு வாங்கி வந்தாள். ரேஷன் அரிசிக் கஞ்சியும் எலும்பும் தின்று பட்டன் ஆளே மாறினான். பெல்ட்டுக்கு நைனா பழுக்கக் காய்ச்சிய ஆணியால் புதிதாக ஓட்டை போட்டார். பிறகு இன்னொன்று. அதற்கு மேல் ஓட்டை போட பெல்ட்டில் இடம் இல்லை. பித்தளை வில்லையில் சர்க்கார் முத்திரை இருந்ததால் அம்மா பெல்ட்டைத் துடைத்து, ரேஷன் கார்டு இருக்கிற பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டாள். சர்க்கார் கொடுத்த எதையும் எங்கள் வீட்டில் வெளியே வைக்க மாட்டோம். வில்லை வீட்டில் பத்திரமாக இருந்தது. நாய் வெறும் கழுத்தோடு தெருவில் திரிந்தது. அதில் என்ன தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தினமும் காலையில் என்னோடு பள்ளிக்கூடம் வரை வருவான். சாயங்காலம் மணி அடிக்கும்போது கேட்டுக்கு எதிரே இருப்பான். என்னைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து சல்யூட் அடிப்பான். ஒரு நாள் சாயங்காலம் அவன் இல்லை. மத்தியானம் நாய் பிடிக்கிற வண்டி வந்ததாகப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார்.

மறுநாள் காலை நைனா பட்டறைக்குப் போகவில்லை. பெல்ட்டை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு நாய்களை அடைத்து வைக்கிற இடத்துக்குப் போனார். நீளமான கம்பிக் கூண்டு. இருபது முப்பது நாய்களுக்கு நடுவில் பட்டன் எங்களைப் பார்த்து முனகினான். அங்கே இருந்த ஆள் நல்லவர்தான். பெல்ட்டை வாங்கித் திருப்பிப் பார்த்து, வில்லை நம்பரை லைசென்ஸ் நோட்டில் தேடினார்.

“யோவ், இது அவன் காலுக்குத்தான் பத்தும். நோட்டுல இன்னா எழுதிகீது தெரியுமா? பொமரேனியன், வெள்ளை, சின்னது. இது சின்னதா?”

“வளந்துட்டான் அண்ணாத்தே.”

“வளந்தானோ, எவனாவது இஸ்த்து உட்டானோ. எவரு பேர்ல கீதோ அவர வந்து என் நாயின்னு சொல்லச் சொல்லு. ஒரு வார்த்த போதும், உட்டுடறேன். மூணு மணி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல கொன்னுடுவாங்க, என் கையில இல்ல.”

நைனா என்னைக் கூண்டுப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு ஆவடிக்கு ஓடினார்.

இரண்டரை மணிக்கு பஸ்ஸில் திரும்பி வந்தார். “மாமா வராரு. நான் சொன்னத பக்கத்து ஊட்டுக்காரரு கேட்டாரு. அவரே ஸ்கூட்டர்ல இட்டுக்கினு வரேன்னாரு” என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் வந்தது. பின்னாலிருந்து மாமா இறங்கினார்.

பட்டன் எழுந்தான். வால் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க ஆடியது. மற்ற நாய்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தான். வலது முன்னங்காலைத் தூக்கிக் கம்பிக்கு வெளியே நீட்டினான்.

“சார், இது உங்க நாயா?” என்றார் அந்த ஆள்.

மாமா பேசுவதற்குள் ஸ்கூட்டர்காரர், “இவங்க பட்டன் பட்டன்னு சொன்னாங்க. நீங்க பட்டனை பெங்களூருக்குக் குடுத்துட்டீங்களே சார்?” என்றார்.

மாமா நாயைப் பார்த்தார். பிறகு குவார்ட்டர்ஸ் தமிழில் பேசினார்.

“அது வேற சார். அது ஜாதி நாய். இவங்க ஏதோ தெரு நாய்க்கு அதே பேரை வெச்சிருக்காங்க. இந்த நாயை எனக்குத் தெரியாது.”

“இவரு யாரு சார், உங்க சொந்தமா?” ஸ்கூட்டர்காரர் நைனாவைக் காட்டிக் கேட்டார்.

“சொந்தமெல்லாம் இல்ல. எங்க ஊர்ப் பக்கம். பாவம், தெரிஞ்சவர்.”

“ஆமா சார்” என்றார் நைனா, மாமாவைப் பார்த்து.

அந்த ஆள் நோட்டை மூடிவிட்டார். பட்டனின் கால் இன்னும் வெளியேதான் இருந்தது. பெல்ட் என் கையில் இருந்தது. “பொய், இதுதான் அந்த நாய்” என்று நான் கத்தியிருக்கலாம். யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். திறக்கவில்லை.

பஸ்ஸில் நைனாவிடம் கேட்டேன். “மாமாவுக்கு அடையாளம் தெரியல, இல்ல நைனா? ரொம்ப வளந்துட்டான்ல?”

“ஆமாம்மா. வளந்துட்டான்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் அதை நம்பினேன். இரண்டு வருஷம் நம்பினேன். நிறைய சோறு போட்டது எங்கள் தப்பு என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். நைனா ஏன் மாமாவை சார் என்றார் என்றுகூட அன்றைக்கு யோசித்தேன். ஆபீஸ் என்றால் எல்லாரும் எல்லாரையும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊர்ப் பக்கம் என்று மாமா சொன்னதும் தப்பாகப் படவில்லை. ஒரே ஊர்தானே.

கேன்டீன் வேலை வேறு யாருக்கோ போனது. நைனா லேத் பட்டறையிலேயே தேய்ந்து செத்தார். சாவுக்கு மாமா பெரிய மாலையோடு வந்து, “என் மச்சான் பூட்டானே” என்று தெருவே கேட்க அழுதார். அதற்குள் அவர் ரிட்டயராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்திருந்தார். குவார்ட்டர்ஸ்காரர் யாரும் சாவு வீட்டில் இல்லை.

மாமா, எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். அத்தையைப் பேசச் சொல்லவும் வேண்டாம். அந்தப் பெல்ட்டைப் படம் எடுத்து உங்கள் படத்துக்குக் கீழேயே போட்டிருக்கிறேன். கை கூப்பிய ஐம்பது பேரும் படிக்கிற மாதிரி அங்கேயே பதில் எழுதுங்கள். கூண்டுக்குள்ளிருந்து கால் நீட்டியது யார் நாய்? கூண்டுக்கு வெளியே நின்று உங்களை சார் என்று கூப்பிட்டவர் உங்களுக்கு யார்?

ஒரு வார்த்தை போதும்.