மூக்கில் தூசி வராத நாட்கள்

சண்முகவடிவுக்கு ஸ்டோரில் வேலை கிடைத்தபோது தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் சிலர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஸ்டோர் என்றால் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே அட்டை கடிக்காது, மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையேற வேண்டாம். 1952ஆம் வருடம் அது. இலங்கை மலைநாட்டில் வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் மேலே இருந்தது அந்தத் தோட்டம். அவளுக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் ஆண்டியப்பன் தேயிலைச் செடிகளின் தலையை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்காரன். மகள் பூரணி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள்.

அவளைச் சல்லடை அறையில் போட்டார்கள். காய்ந்த தேயிலையை இயந்திரச் சல்லடைகள் ஆட்டி ஆட்டிப் பிரிக்கும். பஞ்சு போன்ற பழுப்புத் தூசி கூரை வரைக்கும் எழும்பி மெல்ல இறங்கும். பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு தேயிலையில் கலந்திருக்கும் குச்சிகளைப் பொறுக்குவார்கள். மாலையில் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் முகம் கழுவி மூக்கைச் சிந்தினால் தேயிலைச் சாயமாகவே வரும். முதல் நாள் அதைப் பார்த்துப் பயந்துபோய்த் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

டிஸ்பென்சர் மரியரட்ணம் சிரித்தார்.

"பயப்படாத புள்ள. வெளிய வர்றது நல்லதுதான். மூக்கு பிடிச்சு வச்சதுதான் வருது. நெஞ்சுக்குப் போயிருந்தாத்தான் கஷ்டம்."

அன்றிலிருந்து தினமும் மூக்கைச் சிந்திப் பார்ப்பது அவளுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது.

மூன்றாவது வருடம் அந்தத் தூசி குறைந்தது. பிறகு அடியோடு நின்றுவிட்டது. சமைக்கும்போது கருவாடு தீய்ந்தால்கூட அவளுக்குத் தெரியவில்லை. ஆண்டியப்பன் வாசலிலிருந்து கத்தினால்தான் சட்டியை இறக்குவாள். தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுவதாக அவன் கேலி செய்தான். இருமலும் வந்தது. இருமலுக்கு மருந்து வாங்கப் போனபோது, ஒரு நல்ல சேதியைப் போல மரியரட்ணத்திடம் சொன்னாள்.

"இப்பல்லாம் மூக்குல தூசியே வர்றதில்லீங்க ஐயா."

டிஸ்பென்சரி வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுக்கும் நாள்.

"ஒடம்பு பழகிருச்சு. நல்லது" என்று சொல்லிப் போத்தலில் மருந்தை ஊற்றிக் கொடுத்தார்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் அவள் இருமல் மருந்து குடித்தாள். ஒரு நாள் டிஸ்பென்சரியிலேயே மருந்தைக் குடிக்கச் சொன்னார். கண்ணாடித் தம்ளரில் இருந்தது இரண்டு வாய் மருந்துதான். அதைக் குடிக்க அவள் மூன்று தடவை நிறுத்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். மரியரட்ணம் எழுந்து வந்தார்.

"வாயை மூடு புள்ள. மூக்கால மூச்சு விடு, பாப்போம்."

அவள் வாயை மூடினாள். கண் பிதுங்கியது. கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டாள். அவர் டோர்ச் அடித்து மூக்குக்குள் பார்த்தார். இரண்டு பக்கமும் உரித்த திராட்சையைப் போலச் சதை வளர்ந்து அடைத்துக் கிடந்தது. அவர் டோர்ச்சை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"மூக்குக்குள்ள மயிரு இருக்குல்ல, அது பெரிய தூசியை நிறுத்திரும்" என்றார் மெதுவாக. "அதுக்கு உள்ள ஈரப்பசை. சின்னத் தூசியெல்லாம் அதுல ஒட்டிக்கும். இந்தக் குளிர் காத்தையும் மூக்குதான் சூடாக்கி உள்ள அனுப்புது. வாய்க்கு அந்த வேலை ஒண்ணும் தெரியாது."

"ஸ்டோர்ல சலிக்கிற மாதிரி மூக்கும் சலிக்குதுங்களா?"

"ஆமா. ஒனக்கு அது அடைச்சுப் போச்சு. தூசி வர்றது நின்னப்பவே நான் பாத்திருக்கணும்."

கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். ஆண்டியப்பன் ரயிலில் கூட்டிப்போனான். சதையை எடுத்து, மூக்கில் துணியைத் திணித்துக் கட்டினார்கள். துணியை உருவிய அன்று, வார்டில் தரை கழுவிய மருந்தின் வாசனை சுரீரென்று ஏறியது. அது தாங்காமல் அழுதாள். மறுநாள் ஆண்டியப்பன் வந்தபோது அவன் சட்டையைப் பிடித்து இழுத்து மோந்தாள்.

"என்னா புள்ள, எல்லாரும் பாக்குறாங்க."

"பீடி நாத்தம்" என்றாள். "எத்தனை வருசமாச்சு!"

வீட்டுக்கு வந்ததும் பூரணியின் தலையை மோந்தாள். பாத்தியில் இருந்த கொத்தமல்லியைக் கிள்ளி மோந்தாள். அந்த ஒரு மாதம் அவள் முகம் தெளிந்திருந்தது என்று ஆண்டியப்பன் பின்னாட்களில் பலமுறை சொல்வான்.

இனித் தூசியில் வேலை செய்யக் கூடாது என்று கண்டியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மரியரட்ணமே கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்தை நடத்தும் தொரையைப் போய்ப் பார்த்தார். தொரை மறுக்கவில்லை. அவளைக் கொழுந்து பறிக்க மலைக்கு மாற்றினார்கள்.

முதல் நாள் கூடையை மாட்டிக்கொண்டு ஏறியவள் பாதி மலையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் நாளும் அப்படியே. கங்காணி சத்தம் போட்டார். மூன்றாம் நாள் அவள் உதடு நீலம் பூத்திருந்ததைப் பார்த்தவர் கூடையைத் தானே வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை டிஸ்பென்சரிக்கு வந்தாள்.

"மூக்கு நல்லாருக்குங்க ஐயா. காத்து நல்லாப் போகுது. ஆனா நெஞ்சுக்குள்ள எடமில்லாத மாதிரி இருக்கு."

மரியரட்ணம் குழாயை அவள் முதுகில் வைத்துக் கேட்டார். இரண்டு பக்கமும் இழுப்புச் சத்தம். வாயால் மூச்சு விட்ட அத்தனை நாளும் உள்ளே போன தூசி அங்கே தன் வேலையைச் செய்திருந்தது. குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எம்மேல தப்பு புள்ள. நீ வந்து சொன்னப்ப நான் நல்லதுன்னு சொன்னேன்."

"நானும் நல்லதுன்னுதானே நெனைச்சேன்" என்றாள் அவள். "சந்தோசமாத்தான் வந்து சொன்னேன்."

அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். படுத்தால் மூச்சு முட்டும். விறகுப் புகை ஆகாது என்று ஆண்டியப்பன் வெளியே தகரம் போட்டு அடுப்பை மாற்றினான். வாரம் இரண்டு முறை மரியரட்ணம் லயத்துக்கே வந்து ஊசி போட்டார். ஊசி போட்ட அன்று கொஞ்சம் பேசுவாள். மற்ற நாட்களில் கையால்தான் சொல்லுவாள்.

1959இல், ஒரு மாதம் வெயிலே அடிக்காமல் பனிமூட்டம் கிடந்தபோது அவள் இறந்தாள். பூரணிக்கு எட்டு வயது. குழி வெட்டிய இடத்துக்கு மரியரட்ணமும் வந்து, தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி ஓரமாக நின்றார். எல்லோரும் போன பிறகு ஆண்டியப்பனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அவ எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டா ஐயா" என்றான் ஆண்டியப்பன். "ஒங்க மேல அவளுக்குக் கோவம் இல்ல. எனக்குத்தான் கொஞ்ச நாளு இருந்துச்சு."

அவன் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். இருவரும் ஒன்றாகவே இறங்கி வந்தார்கள்.

சல்லடை அறையில் அவள் உட்கார்ந்த இடத்துக்கு மீனம்மா என்ற பெண் வந்திருந்தாள். அந்த வாரமே மரியரட்ணம் டோர்ச்சோடு ஸ்டோருக்குப் போய், பெண்களை ஒவ்வொருவராக வெளிச்சத்தில் நிறுத்தி மூக்குக்குள் பார்த்தார். அவர்கள் கூச்சத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.