கோழியும் வெள்ளாமைதானுங்களே

எங்கப்பா ரொம்ப நாள் வரைக்கும் கோழி வளர்ப்பதும் விவசாயம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். நாமக்கல் பக்கம் எங்கள் ஊரில் அப்படி நம்பாதவர்கள் குறைவு. அவருடைய அப்பா சோளமும் குச்சிக்கிழங்கும் போட்ட அதே நிலத்தில்தான் அப்பா ஷெட் போட்டு முட்டைக்கோழி வளர்த்தார். கோழிக்குத் தீவனம் போட்டுவிட்டு வரும்போது யாராவது எதிரில் வந்து கேட்டால், வெள்ளாமைக் காட்டிலிருந்து வருவதாகத்தான் சொல்லுவார். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வருமான வரி என்பது டவுனில் கடை வைத்திருப்பவர்களுக்கு வருகிற ஒரு நோய் என்ற எண்ணத்தில் நிம்மதியாக இருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அந்த நோய் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்பா இரண்டாவது ஷெட் போடப்போவதாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குக் கடன் கேட்டு பேங்குக்குப் போனபோது, மேனேஜர் வருமான வரி ரிட்டர்ன் கேட்டிருக்கிறார். தான் விவசாயி, ரிட்டர்னெல்லாம் தனக்குக் கிடையாது என்று அப்பா சொல்ல, எதற்கும் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவர் அனுப்பிவிட்டார்.

நாமக்கல்லில் ஆடிட்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் சேலத்துக்குத்தான் போகவேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். இங்கே சொன்னால் முட்டை வியாபாரிகள் காதுக்குப் போய்விடுமாம். எது போய்விடும் என்று அம்மா கேட்கவில்லை. பேங்க் கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் அம்மாவும் போகவேண்டியிருந்தது. பண்ணையைப் பார்த்துக்கொள்ள அம்மாவின் தம்பியான மாமா வந்திருந்தார். அவரோடு வீட்டிலேயே இருக்கச் சொன்னதற்கு நான் அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஜெயித்தேன். அங்கே வந்து வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கூட்டிப்போனார்கள்.

கல்யாண வீட்டுக்குப் போகிற வெள்ளை வேட்டி சட்டையில் அப்பா பஸ் ஏறினார். சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததால் ஆட்டோ உள்ளே போகவில்லை. மூன்று பேரும் தும்மிக்கொண்டே நடந்தோம். ஒரு மளிகை மண்டிக்கு மேலே ஆடிட்டர் ஆபீஸ். மீசை வைத்த ஒருவரை எதிர்பார்த்துப் போன எனக்கு, நாற்காலியில் எங்கள் பெரியம்மா வயதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது ஆச்சரியமாக இருந்தது. அப்பாவுக்கும்தான். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்றெல்லாம் விசாரித்து, தறிக்காரர் வீட்டுப் பெண் என்று தெரிந்த பிறகே சமாதானமாகி உட்கார்ந்தார். அந்த அம்மா எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

அப்பா எல்லாவற்றையும் விவரித்தார். கேட்டுவிட்டு அந்த அம்மா, கோழிப்பண்ணை விவசாயத்தில் சேராது, தொழிலில்தான் சேரும் என்றார்.

"ஏனுங்க, கோழியும் வெள்ளாமைதானுங்களே? நான் மண்ணுல நிக்கிறனுங்க. கடையிலயா நிக்கிறன்?"

"நீங்க மக்காச்சோளம் போட்டு வித்தீங்கன்னா விவசாயம். அதையே கோழிக்குப் போட்டு முட்டை வித்தீங்கன்னா தொழில். சட்டத்துல அப்படித்தாங்க பிரிச்சிருக்கு."

"அப்ப மாடுங்க?"

"பால் வித்தாலும் அதே கதைதான்."

அப்பா மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தன்னை வியாபாரி என்று எழுதுவதற்கு ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்றார். எங்கள் பரம்பரையில் யாரும் தராசு பிடித்ததில்லை என்றார். அந்த அம்மா கோபப்படாமல், வேறு வேறு மாதிரியாக அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ கோழிக்கு வரி என்பதே பெரிய வேடிக்கையாக இருந்தது. நிபந்தனை மறந்து, "சேவலுக்கும் வரி உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"முட்டை போட்டா உண்டு" என்றார் அந்த அம்மா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை.

"சரிங்க, தொழில்னே வெச்சுக்குவோம். இந்த வருசம் லாபம் எப்படிங்க?" என்று கேட்டார் ஆடிட்டர் அம்மா.

அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "பரவால்லீங்க. இருக்குதுங்க."

"லாபம்னா அதுக்குத் தக்க வரி. முந்தின வருசங்களுக்கும் பார்த்து, கட்ட வேண்டியதைக் கட்டிடலாம். ஒருவேளை நஷ்டம்னா அதையும் மறைக்காம சொல்லுங்க. கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டுட்டா, பின்னால லாபம் வர்ற வருசத்துல அதைக் கழிச்சுக்கலாம். சொல்லாம விட்டா நஷ்டம் உங்களோடயே போயிரும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கீழே மண்டியில் யாரோ எடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அவசரப்படுத்தாமல் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"சொன்னாத்தான் கழிக்க முடியுங்களா?" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

"சொன்னாத்தாங்க."

"நஷ்டந்தானுங்க" என்றார் அப்பா. "தீவனம் ஏறிப்போச்சு, முட்டை இறங்கிப்போச்சு. புதுசா ஷெட்டெல்லாம் போடலீங்க. ஷெட்டுன்னு சொல்லிக் கடன் கேட்டது, அடுத்த தடவைக்குக் குஞ்சு எடுக்கத்தானுங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. ஆடிட்டரம்மாவைப் பார்த்து, மளிகைக் கடையில் விலை விசாரிக்கிற குரலில் கேட்டாள்: "அடுத்த வருசமும் இப்படியே ஆச்சுன்னா, அதையும் சேத்துக் கழிச்சுக்கலாங்களா?"

"தாராளமா."

"எம்பேருலயும் கொஞ்சம் போட்டு வெச்சிருக்கறனுங்க. ஜாக்கெட் தெச்ச காசு. அதுக்கு வட்டி வருது. அதையும் சொல்லணுங்களா?"

இப்போது அப்பா தலையைத் தூக்கினார். "எப்ப இருந்து புள்ள?"

"அதெல்லாம் ஆடிட்டரம்மாகிட்டச் சொல்லிக்கறனுங்க."

விவரம் கேட்டுவிட்டு, அந்தளவுக்கு வரி எதுவும் வராது, பயப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா சொன்னார். பிறகு மூன்று பேரும் வெகுநேரம் பேசினார்கள். எந்த பில்லையெல்லாம் எடுத்து வைக்கவேண்டும், பேங்கில் ஷெட்டுக்கென்று கேட்காமல் குஞ்சுக்கென்றே எப்படிக் கேட்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னபடிதான் பின்னால் குஞ்சு எடுக்கிற அளவுக்குக் கடன் கிடைத்தது. முட்டை விலை நிமிர்ந்த வருஷங்களில் அந்த நஷ்டமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்தது. அன்றைக்கு எனக்கு விளங்கியதோ ஒன்றுதான்: கடுகடுவென்று உள்ளே போனவர்கள், நஷ்டம் என்ற ஒன்றைச் சொன்ன பிறகு சுமுகமாக வெளியே வந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவும் அப்பாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். என்னை ஜன்னலோரம் தனியாக உட்காரவைத்தார்கள். வழக்கமாக நான் நடுவில்தான் உட்காருவேன்.

வீட்டு வாசலிலேயே மாமா கேட்டார்: "என்ன மச்சான், ஆடிட்டரு என்ன சொன்னாரு?"

நல்ல சேதியை முதலில் நான்தான் சொல்லவேண்டும் என்று முந்திக்கொண்டேன். "நமக்கு நஷ்டமாம் மாமா! சொல்லிட்டோம்னா ரொம்ப நல்லதாம்!"

மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்தபிறகுதான் ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தது. ஷெட் விஷயத்தை அப்பா அதிகம் பெருமையடித்துக்கொண்டது அம்மாவின் பிறந்த வீட்டில்தான். அம்மா என் தோளை அழுத்தினாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆமா மாப்ளே. புள்ள சொல்றது நெசந்தான். நல்லா அடி வாங்கிட்டன்" என்றார்.

மாமா அப்பாவின் பக்கத்தில் வந்தார். "இதை மனசுல வெச்சுக்கிட்டா இத்தன நாளா சுத்துனீங்க? சாயங்காலம் முட்டை பொறுக்கறதை நானே பாத்துக்கறன். நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பண்ணைக்குப் போனார்.

அப்பா வெறும் தரையில் துண்டை விரித்துப் படுத்தார். படுத்த மாத்திரத்தில் குறட்டை வந்தது. பகலில் அவர் படுத்து நான் பார்த்ததேயில்லை. அம்மா பாத்திரம் கழுவப் போகாமல், விசிறியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முட்டை வியாபாரியிடமிருந்து போன் வந்தது. "தூங்கறாருங்க. எழுப்பமாட்டனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் டிவி போடப் போனபோது கையைக் காட்டித் தடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. செவ்வாய்ப்பேட்டை மிளகாய்க் காரம் இன்னும் போகவில்லை, அப்பாவுக்குப் பஸ் அலுப்பு என்று எண்ணிக்கொண்டு, நான் விளையாடப் போய்விட்டேன்.