வாப்பாவின் மெசினும் என் விதை வெங்காயமும்

என் நானா செய்னுலாப்தீனைப் பற்றி நுரைச்சோலையில் யாரிடம் கேட்டாலும் "தங்கமான மனுசன்" என்பார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்கள். அவருக்குத் தங்கச்சியாகப் பிறந்து, அவரை நம்பித் தோட்டம் செய்து பார்த்தால் தெரியும்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கியபோது வாப்பாவிடம் உடுத்திருந்த சாரனைத் தவிர ஒன்றும் இல்லை. முகாமில் இருந்துகொண்டே ஊரார் தோட்டத்தில் கூலிக்குக் கொத்தி, கடைசியில் ஒரு பழைய நாலு சில்லு உழவு மெசினை வாங்கினார். ஓடாத மெசின். அதை ஓட வைத்தது நானாதான். பாலாவியில் ஒரு சிங்கள மெக்கானிக் பாஸின் கராஜில் போய் நின்று, ஏச்சு வாங்கி, கையைச் சுட்டுக்கொண்டு தொழில் பழகினார். வாப்பா மவுத்தானபோது எங்கள் இருவருக்கும் மிஞ்சியது பக்கத்துப் பக்கமாக இரண்டு துண்டுக் காணியும் அந்த மெசினும்தான். மெசினில் நானாவுக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. என் பங்கு எந்தச் சில்லு என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

இந்தக் கரை முழுக்க, தகப்பன்மார் விட்டுப்போன பழைய மெசின் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் நானாதான் வைத்தியர். அந்த மெசின்களுக்கு இப்போது சாமான் கிடைப்பதில்லை. அதற்கு நானா ஒரு வழி கண்டுபிடித்தார் பாருங்கள்! யாருடைய மெசினில் எது பழுதோ, அதை வாப்பாவின் மெசினிலிருந்து கழற்றிப் பூட்டி அனுப்பிவிடுவார். கேட்டால், "இரவல்தானே புள்ள, சாமான் கிடைச்சதும் கொண்டு வந்து தந்திருவான்" என்பார். எவன் கொண்டு வந்து தந்தான்? ஜப்பாருக்கு ரேடியேட்டர் போனது. பள்ளிவாசல்துறை இன்னாசிப்பிள்ளைக்கு டீசல் பம்ப் போனது. அந்த மனுசன் தோட்டக்காரர்கூட இல்லை, படகைக் கரைக்கு இழுக்க மெசின் வைத்திருக்கும் கடல்தொழிலாளி. எங்கள் மெசினோ கொட்டிலில் செத்த மாடு மாதிரிக் கிடந்தது. மதினி நபீலா அதன் மேல் மிளகாய் காயப் போட்டார். நானா மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்கு முதல் அதைத் துடைத்து, கலப்பைக்குக் கிரீஸ் பூசிவிட்டுத்தான் குளிக்கப் போவார்.

வேறு மெசின் பிடித்து உழுதால் என்ன என்று கேட்பீர்கள். போன வருஷம் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். நானா வேலிக் கடப்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். "வாப்பாட மெசின் இரிக்கேக்க, வாப்பாட காணிக்குள்ள வேற மெசின் இறங்குறதா? ஊர் என்ன கதைக்கும்?" வந்த டிரைவர் மெசினைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கூலியாள் வைத்துக் கொத்தினோம். பாதிக் காணி சும்மா கிடந்தது.

அப்போது என்னைக் கட்டிய மாப்பிள்ளை இருந்தார், சமாளித்தோம். இந்த வருஷம் அவரும் மவுத்தாகிவிட்டார். நான் வெளியே இறங்காமல் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து முற்றத்துக்கு வந்தபோது, கட்டித் தொங்கவிட்ட விதை வெங்காயம் முளை நீட்டத் தொடங்கியிருந்தது. மழைக்கு முதல் உழுது நடாவிட்டால் அத்தனையும் அழுகிப் போகும். அது போனால் இரண்டு பெண் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது?

"நானா, எப்ப உழுது தருவீங்க?"

"இந்தா, நாளைக்கு. இன்னாசிட்ட பம்பைக் கேக்கப் போறன்."

"ரேடியேட்டர்?"

"அதுவும் வரும். அவசரப்படாத புள்ள."

அவருடைய நாளைக்கு வருவதாக இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு நாள் அபாயாவைப் போட்டுக்கொண்டு த்ரீவீலில் ஏறிப் பள்ளிவாசல்துறைக்கே போனேன். இன்னாசிப்பிள்ளை கரையில் படகை இழுத்துக்கொண்டிருந்தார். மெசினின் பின் சில்லு இரண்டும் அலைக்குள் நின்றன.

"எங்கட டீசல் பம்பைக் கழட்டித் தாங்க" என்றேன். சுகம்கூட விசாரிக்கவில்லை.

அவர் திகைத்துப் போனார். "என்ன தங்கச்சி சொல்றீங்க? வீட்டில சும்மா கிடந்த பம்ப் எண்டெல்லோ நானா தந்தவர்!"

"சும்மாவா? ஓடின மெசின்ல கழட்டின பம்ப்! ரேடியேட்டரும் இல்ல, பம்பும் இல்ல, என்ட வெங்காயம் அழுகுது!"

"மாதாவே, எனக்குத் தெரியாது தங்கச்சி. பம்பை மட்டும் கொண்டு போய் என்ன செய்வீங்க? நாளைக்கு நானே மெசினோட வாறன். என்னட்டக் கலப்பைதான் இல்லை."

சொன்னபடி காலையிலேயே வந்தார். நானா கடப்படியில் கையை விரித்துக்கொண்டு நின்றார். "உப்புத் தண்ணில குளிக்கிற மெசினையா காணிக்குள்ள இறக்கப் போற புள்ள?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "வாப்பாட மெசின் மவுத்தாகி எத்தனையோ காலம் நானா! ஜனாஸாவை அடக்காம வச்சிக்கிட்டு நீங்கதான் குளிப்பாட்டிக்கிட்டு இரிக்கீங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இன்னாசிப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நானா கொட்டிலுக்குள் போனார். கொஞ்ச நேரம் சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே இருந்தே கூப்பிட்டார்: "இன்னாசி, மெசினைப் பின்னுக்கு எடு."

வாப்பாவின் கலப்பையை அவரே அந்த மெசினில் பூட்டினார். உழுது முடியும் வரைக்கும் கூடவே நடந்தார். "ஆழமாப் போவுது, தூக்கு! கண்ணு தெரியாதா உனக்கு?" என்று இன்னாசிப்பிள்ளையை அவர் ஏசிய ஏச்சு அடுத்த காணிக்கும் கேட்டது. நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முதல் ஒரு மூலை மிச்சமில்லாமல் உழுதாகிவிட்டது.

இன்னாசிப்பிள்ளை கலப்பையைக் கழற்றக் குனிந்தார். "பம்பையும் கழட்டித் தாறன் நானா. வேற வழி பாக்கிறன்."

"வேணாம்" என்றார் நானா. "பம்பை நீயே வச்சிக்க. கலப்பையையும் கொண்டு போ."

மெசினை விட்டுவிட்டேன் என்ற சொல்லைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன்! கேட்டதும் ஓடிப்போய்க் கலப்பையைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கென்ன பைத்தியமா நானா? இதை எப்பிடிக் குடுப்பீங்க? எப்பிடி மனசு வந்திச்சு உங்களுக்கு?"

நானா கையில் இருந்த கிரீஸைச் சாரனில் துடைத்தார்.

"நீதானே புள்ள அடக்கச் சொன்ன" என்றார்.