தோள் நோகாத துவக்கு

இத்தாலியில் நான் கூட்டித் துடைக்கிற கடை, துவக்குத் திருத்துகிற ஒருவருடையது. வெடிச் சத்தத்தில் ஒரு காது போன மனிதர். யார் கதைத்தாலும் தலையைச் சரித்து மற்றக் காதைக் கொடுப்பார்.

ஒருநாள் ஒரு தகப்பன், முதன்முதலாக முயல் வேட்டைக்குப் போகும் பதினெட்டு வயது மகளைக் கூட்டி வந்தார். கடைக்காரர் அவளுடைய தோள் எலும்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, துவக்குப் பிடியைக் கொஞ்சம் அறுத்து, சுடும்போது தோளில் இடிக்கிற இடத்தில் தடித்த ரப்பர் வைத்தார். வெடிமருந்து குறைந்த தோட்டாவைக் கொடுத்தார். காதுக் கவசத்தைத் தன் கையாலேயே மாட்டிவிட்டார்.

அவர்கள் போனதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“என்ரை தங்கச்சியை எங்கடை நாட்டுச் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போகேக்கை அவளுக்குப் பதினாறு வயது. அவளின்ரை துவக்கிலை ரப்பர் ஒண்டும் இருக்கேல்லை” என்று இத்தாலியனில் குத்தலாகச் சொன்னேன்.

அவர் கேட்கிற காதைத் திருப்பினார். “ஐயோ, பிள்ளைக்குத் தோள் நல்லா நொந்திருக்குமே?”

திரும்பி வராதவளின் தோளைப் பற்றி இந்த மனிதருக்கு என்ன கேள்வி? வாளியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. இத்தனை வருடமாக அவளுடைய படத்துக்கு மாலை போட்டு அழுகிறோம். அவளுக்கு நொந்ததா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நானும்தான்.