சுவரில் முற்றிய நெல்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் புதிய தொழிற்சாலையின் வெளிச்சுவர் நான்கு ஆள் உயரம். அதில் படம் வரைய வந்த ஓவியர், பற்றவைக்காத பீடியோடு ஒரு வாரம் சுவரெதிரே உட்கார்ந்திருந்தார். அங்கே முன்பு வயல் இருந்ததை அறிந்ததும் பச்சை நெற்பயிரைத் தாளில் வரைந்தார்.

செங்கல் சுமந்துவந்த பெண் எட்டிப் பார்த்தாள். அந்த வயல் அவளுடையது.

"இன்னா நைனா, பச்சையா போட்டுகினு கீற? பயிரு முத்தி அறுப்புக்கு நிக்கசொல்லதான் புல்டோசர வுட்டாங்க."

ஓவியர் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு மஞ்சளைக் குழைத்தார். சுவரில் முற்றிய கதிர்கள் தலைசாய்ந்து நின்றன. செழிப்பாக இருக்கிறதென்று முதலாளி மகிழ்ந்தார். அந்தப் பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

வேலை முடிந்தபின்னும் ஓவியர் இரண்டு நாள் வாசலில் அவளுக்காகக் காத்து நின்றார். அவளிடம் என்ன சொல்ல நினைத்தாரோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.