ஆவணி ஒன்றுக்குக் காத்திருந்த உள்ளி

வீரபாகு இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் மண்டியில் உள்ளி தரம் பார்த்தவர். தூத்துக்குடிப் பக்கம் சின்ன வெங்காயத்துக்கு உள்ளி என்றுதான் பேர், பெரியது பல்லாரி. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, காதருகே கொண்டுபோய் உரசுவார். காய்ந்த தோல் சலசலத்தால் கப்பலுக்கு. சத்தம் இல்லையென்றால் உள்ளூருக்கு. அந்தக் காதை நம்பி முதலாளி கொழும்புக்கு அனுப்பிய கன்டெய்னர் பெட்டிகள் எத்தனை நூறோ. ஒன்றில்கூட வீரபாகுவின் பேர் இல்லை. அந்த ஆத்திரம் அவருக்குள் நெடுநாளாகக் கிடந்தது.

2023-இல்தான் அதற்கு ஒரு வழி பிறந்தது. உடன்குடியில் அப்பா விட்டுப்போன பங்கு நிலத்தை விற்று, ஏற்றுமதி லைசென்ஸ் எடுத்து, மனைவி சீனித்தாய் பேரில் கம்பெனி போட்டார். கடையம் பக்கம் போய், பாண்டித்துரை என்ற விவசாயியிடம் வயலிலேயே நின்று பேசி உள்ளி வாங்கினார். சிவப்பு வலைச் சாக்கு ஒவ்வொன்றிலும் 'சீனித்தாய் எக்ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு அட்டை.

"எம் பேரை எதுக்குங்க உள்ளிச் சாக்குல ஒட்டுதிய?" என்று சிணுங்கிய சீனித்தாய், அதில் ஒன்றைத் தன் இட்லிக் கடைச் சுவரில் ஒட்டியும் வைத்தாள். இந்த ஒரு பெட்டி கரை சேர்ந்தால் அடுத்த பெட்டி. சேராவிட்டால் பழையபடி மண்டிதான். போட்ட முதலைத் தவிர அவர்களிடம் வேறு எதுவும் இல்லை.

அந்த ஜூலையில் விலைவாசி ஆளை விழுங்கிக்கொண்டிருந்தது. தக்காளி கிலோ நூற்றைம்பதைத் தாண்ட, உள்ளியும் பின்னாலேயே ஏறியது. சீனித்தாய் தக்காளிச் சட்னியை நிறுத்திவிட்டாள். ஊத்தப்பத்தில் உள்ளியைப் பேருக்குத் தூவினாள். தினமும் சாப்பிட வரும் ஆட்டோக்காரன் செல்லப்பாண்டி தட்டைத் தூக்கிக் காட்டினான். "அக்கா, உள்ளி எங்கன கெடக்கு? பூதக்கண்ணாடி தருவியளா?"

கடையே சிரித்தது. வீரபாகு பெரிய நியாயஸ்தர் கணக்காகத் தீர்ப்புச் சொன்னார்: "இங்கன வெளையுறதை எல்லாம் கப்பல்ல ஏத்திட்டா நாம எதைத் திங்க? ஒரு வரியைப் போட்டு அமுக்குனா தன்னால வெல எறங்கும்."

லைசென்ஸ் எடுத்த கையோடு பேசிய பேச்சு இது! இருபத்திரண்டு வருஷம் கூலியாளாகப் பழகிய வாய். ஆள் முதலாளி ஆன சங்கதி அதற்கு இன்னும் எட்டவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் சரக்கு தயார். கப்பலும் இருந்தது. துறைமுகத்துப் பேப்பர் வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் நேசக்குமார், "இன்னைக்கே பெட்டிய உள்ள அனுப்பிருவோம் அண்ணாச்சி" என்றான்.

"ஆடியிலயா? மொத சரக்கையா? என்னடே பேசுத? ஆவணி ஒண்ணு வெள்ளிக்கெழமையா வருது. இதைவிட நல்ல நாள் உண்டுமா?"

"கப்பலுக்கு ஏது அண்ணாச்சி ஆடியும் ஆவணியும்?"

"கப்பலுக்கு இல்லைடே. எங்களுக்கு உண்டு."

புதுக் கடை, புது வண்டி, எதையும் ஆடியில் தொடங்காத குடும்பம். கப்பல் போய்விட்டது. ஆவணி ஒன்றாம் தேதி சூடம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்து லாரியை அனுப்பினார்கள். சனிக்கிழமை காலை பெட்டி துறைமுகத்துக்குள் போயிற்று. கஸ்டம்ஸ் அனுமதி திங்கட்கிழமை கிடைக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் கடை டிவியில் செய்தி ஓடியது. வெங்காய ஏற்றுமதிக்கு நூற்றுக்கு நாற்பது வரி; உடனே அமல். சீனித்தாய் மாவுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். வீரபாகு போனை எடுத்தார். நேசக்குமாரைக் கூப்பிட்டார்.

"அனுமதி வாங்காத பெட்டி எல்லாத்துக்கும் வரி உண்டு அண்ணாச்சி" என்றான் அவன். "அந்த அஞ்சு நாளு மட்டும்..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டான். நல்ல மனுஷன்.

கொழும்பில் சரக்கு எடுப்பதாகச் சொன்ன மர்சூக் முதலாளியிடம் பேசினார். அவரும் கோபப்படவில்லை. "நான் பேசின வெலைய மாத்தல்ல அண்ணாச்சி. ஆனா நாப்பது வீதம் கூட்டித் தர எனக்கு ஏலா. இங்க சனம் ரெண்டு வருஷமா வெங்காயத்த எண்ணித்தான் கறிக்குப் போடுது."

வரியை யார் தலையில் வைப்பது? அங்கே வாங்குகிறவனால் முடியாது. இவர் கட்டினால் போட்ட முதல் போகும். மறுநாள் கடையத்திலிருந்து பாண்டித்துரை போன் போட்டார். "என்னவே, ஏவாரி ஒருத்தனையும் காணோம்? கேட்டவனும் பாதி வெலைக்குக் கேக்கான். மிச்ச உள்ளியப் புடுங்கவா, வேண்டாமா?" வீரபாகு, "பொறும்வே" என்றார்.

வரி போட்டவர்களை வாய்க்கு வந்தபடி ஏசலாம் என்றால், அப்படி ஒரு வரி வேண்டும் என்று கடையில் உட்கார்ந்து சொன்னதே அவர்தானே. பஞ்சாங்கத்தை ஏசலாம் என்றால் அதற்கும் வாய் வரவில்லை. சீனித்தாய் ஆடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வரி போகும், சலுகை வரும் என்று ஆளுக்கொன்று சொன்னதை நம்பி ஒரு வாரம் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. பெட்டியைத் திரும்ப வெளியே எடுத்துக் கதவைத் திறந்ததும் புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. கைக்கு எட்டிய சாக்கை அவிழ்த்து ஒரு பிடி அள்ளிக் காதருகே உரசினார். சத்தம் இல்லை. அடுத்த சாக்கு. அதிலும் இல்லை. நேசக்குமார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வீரபாகு அந்தப் பெட்டி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

தேறியதை உள்ளூர் மார்க்கெட்டில் கேட்ட விலைக்குத் தள்ளினார்கள். அதிலும் விலைபோகாத சாக்குகள் இட்லிக் கடைக்கு வந்தன. சீனித்தாய் நல்லதாகப் பொறுக்கி, உரித்து, ஊத்தப்பத்தில் கை கொள்ளும் மட்டும் அள்ளிப் போட்டாள். சுவரில் இருந்த அட்டையை அன்று காலையில்தான் கிழித்திருந்தாள்.

செல்லப்பாண்டி வந்து உட்கார்ந்தான். பெட்டி திரும்பிய கதை அவனுக்குத் தெரியாது.

"இதுல்லா அக்கா ஊத்தப்பம்!" என்று ஒரு வாய் தின்றான். பிறகு வீரபாகுவைப் பார்த்தான். "வரி போட்டதும் வெல எறங்கிட்டு பாத்தியளா? நீங்க அன்னைக்கே சொன்னிய அண்ணாச்சி. எங்க வீட்டுல ஒரு மாசம் கழிச்சு நேத்துதான் உள்ளி போட்டுக் கொழம்பு வச்சா. புள்ளைக சட்டிய வழிச்சுத் தின்னுச்சுக."

சீனித்தாய் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். வீரபாகு சட்னி வாளியை எடுத்துவந்து அவன் தட்டில் ஒரு கரண்டி ஊற்றினார்.

"ஆமடே" என்றார். "நாந்தான் சொன்னேன்."

வாளியை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். ஏழரைக்கெல்லாம் மண்டியில் இருக்க வேண்டும் என்று பழைய முதலாளி சொல்லியிருந்தார்.